நடுவில் ஆள்

சோஹார் யார்டில் நான் ரிக்கர்.
என் இங்கிலீஷ் மொத்தம் பதினோரு சொல்,
எல்லாம் வாக்கிடாக்கிக்குள் அடங்கும்.
அதில் எனக்குப் பிடித்தது லெட் டவுன்.

கிரேன் மேலே குல்ஸமான்,
கீழே ஆரஞ்சுச் சட்டையில் நான்.
இடையில் நாற்பது டன் குழாய்
வெயிலில் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும்.
லெட் டவுன் என்பேன். லெட் டவுன், ஸ்லோ.
பக்கத்துக் கடலுக்குக்கூடக் கேட்காமல்
மரக்கட்டைமேல் வந்து உட்காரும் இரும்பு.
பூ வைத்த மாதிரி என்றார் இன்ஸ்பெக்டர் ஒருமுறை.
பூ வைக்கிறவனுக்கு முட்டி நடுங்குமா?

நாலு மாதச் சம்பளம் நின்றுபோன மார்ச்சில்
மெஸ் ஹாலுக்கு மேனேஜர் வந்தார்.
நாற்காலி முதுகைப் பிடித்தபடி பேசினார்.
கடைசி வாக்கியத்தில் மட்டும் எனக்குத் தெரிந்த சொல்:
ஐ வோன்ட் லெட் யூ டவுன்.

இறக்க மாட்டாராம்.
அப்போ எவ்வளவு நேரம்
அந்தரத்திலேயே வைத்திருப்பார் என்று கேட்டேன்.
பருப்பு ஊற்றிக்கொண்டிருந்த டைம்கீப்பர் இருதயராஜ்
கரண்டியோடு நின்று சிரித்தார்.
"யோவ், கைவிட மாட்டேங்கிறாருய்யா.
நடுவுல குழாய் வந்தா இறக்குறது.
நடுவுல ஆள் வந்தா கைவிடுறது.
முன்னாடி வோன்ட் போட்டிருக்காரு பாரு,
நல்ல சேதிதான்."

நடுவில் ஆள் வந்தால்
நான் ஸ்டாப் என்று கத்துவேன்.
பதினொன்றில் முதலில் படித்த சொல் அது.
குல்ஸமான் மூச்சைக்கூட நிறுத்திவிடுவான்.
இவர்கள் மட்டும் எப்படி
ஆளை நடுவில் வைத்துக்கொண்டு
இவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறார்கள்?

அன்றிரவு அமுதவல்லிக்குப் போன் போட்டேன்.
கைவிட மாட்டாங்களாம், என்றேன்.
யாரு சொன்னா?
மேனேஜர்.
எந்தத் தேதியில?
அதற்குச் சொல் இல்லை என்னிடம்,
அந்தப் பதினொன்றிலும் இல்லை, தமிழிலும் இல்லை.

யார்டு வாசலில் ஆறு மொழியில் பலகை.
நாலாவது வரி தமிழ்:
தொங்கும் சுமையின் கீழ் நிற்காதே.

மே வந்தது. ஜூன்.
அந்த வாக்கியம் எங்கள் தலைக்கு மேலே
மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.
அதன் கீழேயே சாப்பிட்டோம், துவைத்தோம்,
கேரம் ஆடினோம்,
யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஜூலையில் குல்ஸமான் ஊருக்குக் கிளம்பினான்,
பாக்கி வாங்காமலே.
அவன் கடைசியாகத் தூக்கியது ஒரு வால்வுப் பெட்டி.
ரேடியோவில் அன்றைக்கு அவனே கேட்டான்:
லெட் டவுன்?

நடுவில் யாரும் இல்லையே என்று
இரண்டு தடவை பார்த்தேன்.
விலகி நின்றேன்.
லெட் டவுன் என்றேன். ஸ்லோ.