ஒற்றை மேற்கோள்

நவம்பர். இரவு பதினொன்றே கால்.
அப்ருட்ஸோ மலைச்சரிவில் எண்ணெய் ஆலை விழித்திருந்தது.
வாசலில் பதினேழு டிராக்டர், பெட்டி பெட்டியாய் ஆலிவ்.
பறித்த காய் பொறுக்காது.
அடுக்கின் நடுவே கைவிட்டால்
காய்ச்சல்காரன் அக்குள் போலச் சுடும்.

"ஒர்னெல்லா, சர்வர் செத்துப்போச்சு" என்றிருந்தார்
கஸ்பாரே, போனில்.
சர்வர்கள் அவ்வளவு லேசில் சாவதில்லை
என்று நான் சொல்லவில்லை. காரை எடுத்தேன்.

எடைமேடைக் கணினியில் அந்தப் பெட்டி:
இணைப்பு கிடைக்கவில்லை, காலக்கெடு முடிந்தது.
கீழே "சரி" என்று ஒரே ஒரு பொத்தான்.
எதுவுமே சரியில்லாதபோதும்
அதைத்தான் அழுத்தியாக வேண்டும்.

பிங் அனுப்பினேன். இரண்டு மில்லிசெகண்டில் பதில்.
கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், நம்பி அல்ல,
பின்னால் நிற்கிறவர்கள்
ஏதோ நடக்கிறதென்று நினைக்கட்டுமே.
டிரைவர் முப்பத்திரண்டு பிட், புரோகிராமும் அதே.
கடவுச்சொல் மாறவில்லை: கஸ்பாரேயின் செத்த நாயின் பெயர்.
ஃபயர்வாலை அணைத்தேன்.
வெட்கப்பட்டு மறுபடி போட்டேன்.

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி
பன்னிரண்டரைக்குத்தான் வாயில் வந்தது:
எத்தனை மணிக்கு நின்றது?
யார் காய் எடையில் இருந்தது?

"எட்டு நாற்பது" என்றான் லோரிஸ்,
வேலைக்கு வந்து மூன்றே நாள் ஆன பையன்.
"அதோ, அவருடையது.
பெயரைத் தப்பில்லாமல்தான் அடித்தேன்,
அடையாள அட்டையைப் பார்த்து."

தப்பில்லாமல்தான் அடித்திருந்தான்.
த்'ஒராத்ஸியோ.
மெய் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம்,
நடுவே கொசு உட்கார்ந்த மாதிரி அந்தக் குறி.
அதைக் கண்டதும்
பெயர் முடிந்தது என்று எண்ணிக்கொண்டது தரவுத்தளம்.
மிச்சமிருந்த ஒராத்ஸியோவை
எங்கே உட்காரவைப்பதென்று தெரியாமல் கத்தியது.

கத்தியது யார் காதிலும் விழவில்லை.
அதற்கு மேலே ஒரு வரி:
பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்ததற்குப் போ.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வரி.
திறந்த பரிவர்த்தனை திறந்தபடி கிடக்க,
இருப்பு அட்டவணை பூட்டிக்கொள்ள,
மற்ற மூன்று கணினிகளும்
கதவைத் தட்டித் தட்டிக் களைத்திருக்கின்றன.

எழுதியவர் யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை.
அந்த உள்தள்ளல் என்னுடையது.
ஒன்பது வருஷத்துக்கு முன்,
வீட்டு வாடகைக்கு முந்தின நாள்.

ஒன்பது வருஷம் எப்படி ஓடியது?
இயோலாந்தா. எடையில் இருந்த அம்மாள்.
ஒரு தடவை மாட்டிக்கொண்டதும் குறியை விட்டுவிட்டு
தொராத்ஸியோ என்று சேர்த்தே அடித்திருக்கிறாள்,
எவரிடமும் சொல்லாமல்.
செப்டம்பரில் ஓய்வு பெற்றபோது
அந்த இரகசியமும் கைப்பையோடு போய்விட்டது.

பரிவர்த்தனையைப் பின்னோக்கி உருட்டினேன்.
பெயரைக் கட்டளையோடு சேர்த்துப் பிசையாமல்
தனிக் கிண்ணத்தில் வைத்து நீட்டும்படி
நாலு வரி மாற்றினேன்.
பூட்டு விழுந்த சத்தம் கேட்கவில்லை;
டிராக்டர்கள் உறுமியது கேட்டது.

அவர் சீட்டை வாங்கி
விளக்குக்கு நேரே பிடித்தார்.
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
பெயர், குறியோடு.
பெருமையாய்ப் பார்ப்பார் என்று காத்திருந்தேன்.
"என் பழைய பாக்கி எண்ணெய் எங்கே?" என்றார்.

திரையில் த்'ஒராத்ஸியோவுக்கு இருப்பு: பூஜ்யம்.
அவர் இன்றிரவுதான் பிறந்திருக்கிறார்.
அறுபத்திரண்டு லிட்டர்
தொராத்ஸியோ என்கிற எவனோ ஒருவனுக்கு.

"அப்படியானால் நான் அவனாகவே இருந்துகொள்கிறேன்"
என்று நாற்காலியை இழுத்துப்போட்டார்,
"எண்ணெய் கைக்கு வரும்வரை."

மணி இரண்டே கால்.
இருவரையும் ஒருவராக்கும் கட்டளையை அடித்தேன்.
நிபந்தனை வரியை மூன்று முறை படித்தேன்.
பிறகு, அதை ஓட்டாமல்,
முதலில் ஒரு காப்புப் பிரதி எடுத்தேன்.