அரை அங்குலம்

தீபாவளிக்கு நூற்றுப் பத்து ரவிக்கை.
ஒன்பது நாள் தையல் மிஷினை விட்டு எழவில்லை.
இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியது,
சூடாக, தொட்டால் வலியாக.
அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தேன்:
வலதைவிட ஒன்றேகால் அங்குலம் கூட.
தொழில் புத்தி. அளந்ததோடு சரி.

கார்த்திகையில் ஒருநாள்
செக்காலையில் நூல் வாங்க ஏறிய மாடிப்படியில்
ஏழாவது படியோடு மூச்சு நின்றது.
திரும்பி வந்தபோது பாதிதான் வந்தது.
இருமினேன். கைக்குட்டையில்
ஒரு காஜா அளவுக்குச் சிவப்பு.

திருப்பத்தூர் தாண்டி மேலூர் வருமுன்
ஆம்புலன்சில் ஆக்சிஜன் மாஸ்க்கின் நாடா
காதை அறுத்தது.
நீளம் போதவில்லை, பிரித்து ஒட்டுப் போடுங்கள்
என்று சொல்ல நினைத்தேன்.
சொல்ல மூச்சில்லை.

மதுரையில் டாக்டர் நூர்ஜஹான் ஸ்கேனைக் காட்டினார்.
காலில் உறைந்தது கழன்று
நுரையீரலில் போய் அடைத்திருக்கிறதாம்.
வெள்ளையாய் ஓடும் குழாய்களின் நடுவே
கறுப்பாய் ஒரு துண்டு,
நான் வெட்டிப் போட்ட லைனிங் துணிபோல.

இரண்டு நாள் வயிற்றில் ஊசி.
பிறகு மாத்திரை.
இருபத்தொரு நாள் இரண்டு வேளை,
அதற்கப்புறம் ஒரு வேளை,
வெறும் வயிற்றில் கூடாது, சோற்றோடுதான்.
கட்டியைக் கரைத்துவிடுமா என்று கேட்டேன்.
"கரைக்காது. வளர விடாது.
கரைக்கிற வேலை உங்கள் உடம்புடையது."
ஓட்டுத்தையல் மாதிரியா, என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஒரு மாத்திரை என்பது
ஒரு ரவிக்கைக்குக் கொக்கி கட்டும் கூலி.
நாளைக்கு இரண்டு ரவிக்கை விழுங்கினேன்.

வீடு திரும்பினால்
சிகப்பி ஆச்சி வீட்டில் பிள்ளையார் நோன்பு.
கோடி வேட்டியிலிருந்து நாளுக்கோர் இழை.
இருபத்தொன்று சேர்ந்ததும் திரித்து,
நெய்யில் பிசைந்த மாவில் நட்டு,
சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள்.
கணக்கில் அவர்களுக்கு நான் நாலு நாள் முந்தி.
என் இழை செங்கல் நிறம்,
தகரத் தாளைக் கிழித்தால் வரும்.
அவர்கள் விழுங்கும்போது பிள்ளையாரை நினைப்பார்கள்.
நான் மோர்ச்சோற்றை நினைத்தேன்.

நோன்புக்கு ஆச்சி தைக்கக் கொடுத்தது
சந்தன நிறத்தில் பட்டுத்துணி.
கழுத்துப் பட்டியில் ஊசி விரலில் ஏறியது.
எத்தனையோ ஆயிரம் தடவை ஏறிய ஊசி.
வாயில் வைத்து உறிஞ்சினால் நின்றுவிடும்.
அன்று நிற்கவில்லை.
அழுத்திப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தேன்,
பதினோரு நிமிஷம்.
அதற்குள் துணியில் கடுகளவு.

தையல்காரிகளுக்குள் ஒரு பேச்சு உண்டு:
தன் ரத்தத்துக்குத் தன் எச்சில்.
வெள்ளை நூலைச் சுருட்டி, நாக்கில் நனைத்து,
ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
போய்விட்டது. கிட்டத்தட்ட.

ஆச்சி ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார்.
"இங்க என்னது இது?"
"நான்தான் ஆச்சி."
என் விரலில் பிளாஸ்திரியைப் பார்த்தார்.
கூலியில் குறைக்கவில்லை.
கூட்டியும் தரவில்லை.

இப்போது ஒரு வேளைதான்.
மணிக்கொரு தரம் போன் அலறும்;
எழுந்து கல்லுக்கட்டி வரை போய்வருவேன்,
வேலை கிடக்க.
ராத்திரி காலை நீட்டி நாடாவைச் சுற்றுகிறேன்.
இன்னும் அரை அங்குலம் கூடுதல்.
ரவிக்கையாயிருந்தால் பக்கத்தில் பிடித்துத் தைத்திருப்பேன்.

எட்டரை ஆகிறது.
குக்கர் மூன்றாவது விசில்.