நிகர எடை

ஊத்தான் மெலிந்தாங் ஆலையின் தராசு மேடை
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
நாலு கிலோ, மூன்று கிலோ எல்லாம்
அதற்குக் காற்று.

நீ பிறந்து நாற்பதாம் நாள்,
லோரிகள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை
உன்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு
மேடையின் நடுவில் போய் நின்றேன்.
எழுபது.
உன்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டு
மறுபடி வந்து நின்றேன்.
எழுபது.
“பாத்தியா, ஒம் மக ஒண்ணுமே இல்லியாம்” என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது அவளுக்கு.
அன்றிரவு மூன்று மணிவரை அழுதாய்.
ஒன்றுமில்லாததைத் தூக்கிக்கொண்டு
கூடத்துக்கும் குசினிக்கும் நடந்ததில்
என் இடது தோள் இறங்கிப்போனது.

என் வேலை எளிது.
குலையோடு உள்ளே வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை,
கழித்தால் மிஞ்சுவது பழம்.
பதினோரு வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.
உன் விஷயத்தில்தான்
எதிலிருந்து எதைக் கழிப்பதென்று
தெரியாமல் நிற்கிறேன் லோஷினி.

இரண்டு வயதில் அதே மேடையில் உட்கார்ந்து
உதிரிப் பழமொன்றை வாயில் வைக்கப் போனாய்.
பிடுங்க ஓடிவந்தவன்
நிமிர்ந்து பார்த்தேன்:
சிவப்பு விளக்கில் பத்து.
பழத்தை மறந்து அறைக்கு ஓடினேன், சீட்டு அடிக்க.
வண்டி எண் என்ற இடத்தில் உன் பிறந்த தேதி.
பொருள் கேட்டது எந்திரம். பழக்குலை என்றேன்.
காகிதம் வீணென்று கிராணி கத்தினார்.
அந்தச் சீட்டு குளிர்பெட்டிக் கதவில்
மீன்குழம்புக் கறையோடு இன்னும் ஒட்டியிருக்கிறது.

அப்போது லோரி உனக்கு ‘யோயி’.
பாக் மான் ஹாரன் அடித்தால்
நீ வாயால் பதில் அடிப்பாய்.
அவரும் விடமாட்டார், திரும்ப அடிப்பார்.
இப்போது “யோயி வந்திருச்சு” என்று நான் சொன்னால்
“யாருப்பா அப்படிச் சொல்வா?” என்கிறாய்.
தடிகா சிக்குவிடம் கற்ற மலாயில்
என் மலாயைத் திருத்துகிறாய்.
பசார் மாலாமில் அப்பம் பாலிக் வாங்கி
மீதிக் காசை நீயே எண்ணுகிறாய்,
நான் எண்ணியதற்குப் பிறகும் ஒருமுறை.

வீடு திரும்பும்போது மட்டும்
மோட்டார் நின்றதும் கண்ணை மூடிக்கொள்வாய்.
தூங்கும் பிள்ளை கனம் கூடும்,
தூங்குவதாக நடிக்கும் பிள்ளை
கழுத்தைக் கட்டித் தானும் கொஞ்சம் சுமக்கும்.
தராசு சொல்லாததில் இந்த ஒன்றையாவது
கண்டுபிடித்தேன்.
சொல்லமாட்டேன் உன்னிடம்.
சொன்னால் நடந்து வருவாய்.

நேற்று நீலப் பினாஃபோரைப் போட்டுப் பார்த்தவள்
கழற்றமாட்டேன் என்று ஆலைக்கே வந்துவிட்டாய்.
முதல் வகுப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.
பாவாடை முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது,
அடுத்த வருடத்துக்கும் சேர்த்து அம்மா வாங்கியது.
இருவரும் மேடை ஏறினோம்.
தொண்ணூறு.
“நீ எறங்குப்பா. நான் மட்டும்.”
இறங்கினேன்.
இருபது.

பத்துக்கும் இருபதுக்கும் நடுவே
ஏதோ ஒரு நாள் நீ அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறாய்.
புதன்கிழமையோ, மழைநாளோ,
காய்ச்சல் விட்டுக் கஞ்சி கேட்ட காலையோ.
அன்றும் இந்த அறையில் உட்கார்ந்து
யாருடைய பழத்தையோ
நிறுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

“சீட்டு அடி” என்றாய்.
அடித்தேன்.
வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாய்.
“நான் ஏன்பா பழம்?”
பதில் தேடுவதற்குள்
வாசலில் பாக் மானின் ஹாரன்.
நீ வாயால் எதுவும் அடிக்கவில்லை.
நகரவும் இல்லை.
சாலை கடக்கச் சொல்லிக்கொடுத்த மாதிரி
வலது கையை நேராக நீட்டினாய்,
சீட்டை மடித்துப் புதுப் பையின்
முன் அறையில் வைத்து
ஜிப்பை இழுத்து மூடும்வரைக்கும்
இருபது டன் லோரி
நின்றுகொண்டிருந்தது.