ஞாயிற்றுக்கிழமை மண் தொடாத பறவை

விடுமுறையில் அலாரம் வைத்து எழுகிறவளை
ஒரு கண்ணால் பார்த்தான் நிரஞ்சன்,
மறு கண்ணைத் திறக்க மறுத்துத்
தலையணைக்குள் திரும்பிப் போனான்.

புவனோஸ் ஐரிஸில் இரவெல்லாம் மழை.
பூங்காவின் கதவு திறக்கும்வரை
கம்பிக்கு வெளியே நின்றபடியே
நாலு புறா, ஒரு சிட்டுக்குருவி எழுதிக்கொண்டேன்.
எந்த ஊருக்குப் போனாலும் முதல் வரி இவர்கள்தான்,
கல்யாண வீட்டு வாசலிலேயே நிற்கும் சொந்தக்காரர்கள்.

உள்ளே பழைய புத்தகக்காரர்கள்
பிளாஸ்டிக் தாளை உதறி உதறி
மழைநீரைப் பக்கத்துக் கடைக்குத் தள்ளினார்கள்.
பக்கத்துக் கடைக்காரர் திருப்பித் தள்ளினார்.

மஞ்சள் வயிறு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை:
ஒன்று வந்து கிளையில் அமர்ந்து
பென்-தே-வேயோ என்றது.
'உன்னை நன்றாகவே பார்க்கிறேன்' என்று அர்த்தமாம்.
இரவல் தொலைநோக்கி, இடது கண்ணில் பூஞ்சை,
நான் இன்னும் திருகிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் அது
என்னைப் பார்த்து முடித்துவிட்டுப்
பறந்து போனது.

இடுப்பில் கைப்பேசி அதிர்ந்தது. அலுவலகம்.
அங்கே இப்போது மாலை. எடுக்கவில்லை.
மறுபடி அதிர்ந்தது.

பெஞ்சில் இருந்தவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.
கிரிசெல்தா. கக்கத்தில் ஃபிளாஸ்க்,
வெள்ளைக் காலணியில் அயோடின் ஒரு சொட்டு.
இரவுப் பணி முடிந்து நேராக இங்கே.
எதைத் தேடுகிறாய் என்றாள்.
என் ஸ்பானிஷுக்கு வயது மூன்று வாரம்,
'ஓர்னேரோ' என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது.

விளக்குக் கம்பத்தைக் காட்டினாள்.
உச்சியில் கவிழ்த்த மண்சட்டி,
பக்கவாட்டில் பாதி வாய்.
'வீடு இருக்கிறது, ஆள் வரமாட்டான்.
இன்று ஞாயிறு.
ஞாயிற்றுக்கிழமை அவன் மண் தொடமாட்டான்.
எங்கள் சாந்தியாகோ தெல் எஸ்தேரோவில்
குழந்தைக்கும் தெரியும்.'
யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டேன்.
'எல்லாரும்.'
அந்தச் சொல்லில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.
பதினேழு ஞாயிறாக விடுப்பில்லையாம் அவளுக்கு.

அப்போதுதான் அவன் வந்தான்.
படம் எடுக்கத் தூண்டாத காவி நிறம்.
திடீர் ஆய்வுக்கு வந்த அதிகாரிபோலக்
காலைத் தூக்கித் தூக்கி வைத்து
ஈரப்புல்லில் நடந்தான்.
குனிந்தான்.
அலகு நிறையச் சேறு.
மேலே போய் அப்பினான், அழுத்தினான்,
தலையைச் சாய்த்துப் பார்த்தான்,
பிடிக்கவில்லை போலும், மறுபடி அழுத்தினான்.
பின்னாலேயே அவள், அவளும் வெறும் வாயோடு வரவில்லை.

கிரிசெல்தாவின் வாயிலேயே நின்றது மாத்தே குழல்.
ஒருவருக்கொருவர் சொல்லாமலே எண்ணத் தொடங்கினோம்.
ஏழு, எட்டு,
ஒன்பதாவது நடையில் அவள் வெடித்துச் சிரித்தாள்,
வாத்துகள் கலைந்தன.
'இவனையும் ஷிஃப்டில் போட்டுவிட்டார்கள்!'
பிறகு என் நோட்டுப் புத்தகத்தை உள்ளங்கையால் மூடி,
'கிழமையை மட்டும் எழுதாதே,
ஊரில் என் அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள்.'

என் மொழியில் ஞாயிறு என்றால்
சூரியனும்தான் என்றேன்,
கையாலும் பாதி வார்த்தையாலும்.
மேகத்துக்குள் வெளிறிக் கிடந்ததை
அண்ணாந்து பார்த்தாள்.
'அவருக்கு வார விடுப்பு எப்போது?'
இதுவரை விண்ணப்பிக்கவில்லை.
மாத்தேயை என்னிடம் நீட்டினாள்.
கசப்பு, கொதி, நாக்கு பொத்துப்போனது,
நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன்.
இன்னொன்று ஊற்றிக் கொடுத்தாள்.

ஒன்பதுக்கு எழுப்பு, பஸ் பிடிக்கவேண்டும் என்று
பையைத் தலைக்கு வைத்து அப்படியே தூங்கினாள்,
முன்பின் தெரியாத ஒருத்தியை நம்பி.

இடுப்பில் மறுபடி அதிர்வு. அணைத்தேன்.
எதிரே அந்தச் சட்டியின் வாய்
ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது.
புத்தகக்காரர் ஒருவர் வானொலியைத் திருக,
உஸ் என்றேன், என் தமிழ் உஸ் அவருக்குப் புரிந்தது.

ஒன்பது மணி ஆனது.
ஒன்பது ஐந்துக்கு எழுப்பினேன்.