பத்துக்கு எத்தனை

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியின்
இரண்டு வார்டுக்கும் நடுச் சுவரில்
ஆறு முகங்கள் ஒட்டியிருக்கின்றன.
முதல் முகம் சிரிக்கிறது, ஆறாவது அழுகிறது.
இடையில் நாலு பேர்
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி.
வேலைக்கு வந்த எட்டு மாதத்தில்
அந்த ஆறில் ஒருவரைக்கூட
கட்டிலில் நான் பார்த்ததில்லை.

நாடி, மூச்சு, காய்ச்சல், ரத்த அழுத்தம்.
ஐந்தாவது கட்டம், வலி.
பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுத வேண்டும்.
எட்டு என்று எழுதினால்
மாடியில் தூங்கும் டியூட்டி டாக்டரை எழுப்ப வேண்டும்.
ஆகவே என் இரவுகளில்
கடலூர் மாவட்டம் முழுவதற்கும்
ஏழுதான் வலித்தது.

அஞ்சலாட்சி, ஐம்பத்திரண்டு, காடாம்புலியூர்.
முந்திரி உடைக்கும் ஷெட்டில் வழுக்கி
இடுப்பெலும்பு முறிவு.
பத்துக்கு எவ்ளோம்மா வலிக்குது?
"எவ்ளோ சொன்னா சீக்கிரம் உடுவாங்க?"

ஆபரேஷன் சம்மதத்துக்கு இடது கட்டைவிரல்.
மை தடவி, அவள் விரல்மேல் என் விரலை வைத்து அழுத்தினேன்.
வந்தது வெறும் நீல வட்டம்.
துடைத்துவிட்டு மறுபடி. பிறகு வலது கை.
கோடே இல்லை.
முப்பது வருஷத்து ஓட்டெண்ணெய்
ரேகையைத் தின்று முடித்திருக்கிறது.
"ரேஷன் கடை மெஷினும் என்ன நம்பாது சார்"
என்று சிரித்தாள், இடுப்பு உடைந்தவள்.
சுவரில் சிரிக்கும் முகம் அது இல்லை.

விரல்நுனித் தோலை வரைந்து
வலி அறியும் நரம்புகளைக் குறிக்கச் சொல்லி
முதல் வருடம் ஒரு கேள்வி வந்தது.
பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.

புவியரசன், பத்தொன்பது, குள்ளஞ்சாவடி.
களைக்கொல்லி. மூன்றாம் நாள்.
சோடா பாட்டில் என்று நினைத்துக் குடித்ததாக
எழுதச் சொன்னார் அப்பா. எழுதினேன்.
நன்றாகத்தான் பேசுகிறான்,
திங்கட்கிழமை அரியர் பரீட்சையாம்.
மூச்சு மட்டும் கொஞ்சம் வேகம்.
தலைமாட்டில் ஆக்ஸிஜன் குழாய் இருக்கிறது.
இப்போதைக்கு அதைத் திறக்காமலிருப்பதுதான் வைத்தியம்,
திறந்தால் நுரையீரல் இன்னும் வேகும்.
"காத்து வைங்க சார்" என்கிறார்.
வைக்கக் கூடாதுங்க என்கிறேன்.
என் கையையே பார்க்கிறார்,
சாவியை அதற்குள் மறைத்திருப்பது போல.

பத்துக்கு எத்தனை, தம்பி?
அப்பா நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு
"மூணு" என்றான்.
மூன்று எழுத வரவில்லை. ஏழும் வரவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
அவனுடைய வண்டியின் கிளட்ச் கேபிள் பற்றி
நாலரை மணிவரை சொல்லிக்கொண்டிருந்தான்,
இடையிடையே மூச்சுக்கு நிறுத்தி.
எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தேன்.

டியூட்டி மாற வந்த பெர்னதெத்
கேஸ் ஷீட்டைப் புரட்டினாள்.
"வலிக் கட்டத்துல என்னடா கறை?"
அஞ்சலாட்சிக்குத் தடவிய மை, என் கட்டைவிரல்.
சுழியும் வளைவும் ஒரு கோடு விடாமல்,
பிறந்ததிலிருந்து எதையும் தொடாத விரல் போல.
அவள் பேனாவை எடுத்து
அதன் மேலேயே ஏழு என்று எழுதினாள்.
நானும் தடுக்கவில்லை.

வாசலில் டீ குடித்தேன். டம்ளர் சுட்டது.
நெல்லிக்குப்பம் பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.
சில்லறையை நீட்டியபோது
கடைக்காரர் வேண்டாமென்று தலையாட்டினார்.
அந்தப் பையனோட அப்பா
எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.