முப்பத்தெட்டாவது வரி

ஞாயிறு விழுந்தது. செவ்வாய் விழுந்தது.
இன்று வியாழன், விடியற்காலை ஐந்து,
மண்டபம் வடக்குத் துறையில்
எடைச்சீட்டுப் போடும் என் புரோகிராம்
மறுபடியும் விழுந்தது.
கறுப்புத் திரையில் ஒரே வரி:
செக்மென்டேஷன் ஃபால்ட்.
நினைவைக் கொட்டிவிட்டதாக ஓரத்தில் ஒரு குறிப்பு.

"என்ன புள்ள, ஒம் பெட்டிக்கு இன்னிக்கும் மயக்கமா?"
ஜன்னலில் ரெக்சலின் அக்கா.
அவளுக்குப் பின்னால் ஐஸ் வண்டி,
சங்காயம் ஏற்ற வந்த தீவனக் கம்பெனி லாரி.
சீட்டு இல்லாமல் எதுவும் நகராது.
இரண்டு நாளாகக் கையால் எழுதி
என் விரலெல்லாம் கார்பன்.

அடாப்டரைத் திட்டியிருந்தேன்.
உப்புக்காற்றை, தராசிலிருந்து வரும் வயரை,
படகுப் பெயரில் புள்ளி வைத்து அடிக்கிற
டைட்டஸ் அண்ணனைக்கூட.
விழுந்த இடத்தை மட்டும் போய்ப் பார்க்கவில்லை.

டீபக்கரைத் திறந்து பேக்ட்ரேஸ் கேட்டேன்.
கூட்டாமல் குறைக்காமல் சொன்னது:
மெயின் கூப்பிட்டது, கணக்கு கூப்பிட்டது,
கணக்கு கடல்நேரத்தைக் கூப்பிட்டது,
அங்கேதான்.

கடல்நேரத்தின் வாசலில் பிரேக்பாயின்ட் வைத்தேன்.
நிபந்தனை போட்டு நேரே அங்கே போய் நிற்கத் தெரியும்.
ஏனோ ஒவ்வொன்றாகப் பார்க்கத் தோன்றியது.
சகாயராணி. தொடர்.
பிலால். தொடர்.
வேலவன் துணை:
இறால் சைபர், நண்டு சைபர், கணவாய் சைபர்.
வெறும்பாடு. ஆனாலும் உயிரோடு தாண்டிப் போனது.
சைபர் எதையும் கொல்வதில்லை.

முப்பத்தெட்டு.
ஆரோக்கிய ஸ்டார்.
போன நேரம்: சனி, காலை ஏழு பத்து.
வந்த நேரத்தைக் காட்டு என்றேன்.
பார்வைக்கு அதுவும் சைபர்தான்.
ஆனால் எண் இல்லை அது,
இடமே இல்லை என்பதற்கு எழுதிவைத்த முகவரி.
அந்தக் கதவைத் தட்டத்தான்
மூன்று விடியலாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்கு மேல் வரியில், போன தை மாதம்
நானே விட்டுவைத்த கமென்ட்:
"போனது திரும்பும். சோதிக்கத் தேவையில்லை."

ஐந்து பேரோடு கடலில் பிடித்துப் போனார்கள்
என்று துறை முழுக்கத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசலில்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவள்தான் நான்.
இங்கே வந்து தராசு வயரைத் திட்டினேன்.

ஒரு இஃப் போதும். போட்டேன்.
வந்த நேரம் இல்லையென்றால்...
இல்லையென்றால் எதை அச்சிட?
சைபர் என்று தட்டினேன்.

ரெக்சலின் அக்கா கம்பிக்குள் கை நீட்டித்
திரையைத் தொட்டாள். விரலில் மீன்செதில்.
"சைபர் போடாத புள்ள.
சைபர்னா வந்து சும்மா வந்ததுன்னு அர்த்தம்.
அவுக இன்னும் வரவே இல்லையே."

அழித்தேன். வெறுமையாக விட்டேன்.
கம்பைல் செய்து ஓட்ட
அறுபத்தொரு படகும் கீழே இறங்கின.
முப்பத்தெட்டாவது வரியில்
பிரின்டரின் தலை
பெயரை அடித்தது, போன நேரத்தை அடித்தது,
அப்புறம் மீதித் தூரத்தை
அடிக்காமல் கடந்தது.

லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
அக்கா தாளைக் கிழித்துக்கொண்டு போகிறாள்.
அந்தக் கமென்டை இன்னும் எடுக்கவில்லை.