நூற்று நாற்பதாம் பக்கம்

டுலூத் நகர நூலகத்தின் நிலவறையில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
பரிசுக்கான இறுதிப் பட்டியலில் ஐந்து நாவல்கள்.
எங்களுக்குக் கிடைத்தவை நான்கு.
ஐந்தாவதை வாங்க நிதி இல்லையென்று
ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.
கையெழுத்து அழகாக இருந்தது.

வான்டா முதலில் பேசினாள். எப்போதும் அவள்தான்.
"முந்நூறு பக்கம் மழைக்கு ஏங்குகிறார்கள்.
கடைசியில் மழை பெய்கிறது.
இதற்கு ஒரு பரிசா?"
இரும்புத்தாதுக் கப்பலில் முப்பது வருடம் சமைத்த ஆரின்
அந்த வறட்சியிலும் எல்லோரும்
ஏன் ஓயாமல் முட்டை தின்கிறார்கள் என்று கேட்டார்.
பதில் யாருக்கும் தெரியவில்லை.

மாய் யெங் இரவுப் பணிக்கான நர்ஸ் உடையில் வந்திருந்தாள்.
நிறுத்தற்குறியே இல்லாத நாவலை
அவள் ஒருத்திதான் முடித்திருந்தாள்.
"நோயாளிகள் அப்படித்தான் பேசுவார்கள்," என்றாள்,
"மூச்சு முட்டும் இடத்தில்தான் புள்ளி."
மூன்றாவதை ஒருமனதாக வெறுத்தோம்.
அதில் ஐந்து நிமிடம் மிச்சம்.

நான்காவதற்கு என் முறை.
"முடிவில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்," என்றேன்.
எந்த நாவலுக்கும் பொருந்தும் வாக்கியம்.
பல வருடங்களாகக் கைவசம் வைத்திருக்கிறேன்.

வான்டா மூக்குக்கண்ணாடியை இறக்கினாள்.
"முடிவு மட்டும் நூறு பக்கம், மேவிஸ்.
எந்த இடத்தில் அவசரம்?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
மடியில் புத்தகம்,
நூற்று நாற்பதாம் பக்கத்திலிருந்து
நூலக அட்டை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

அங்கே எம்மெட் என்பவன்
விடியுமுன் எழுந்து
வாசற்படிகளில் உப்புத் தூவுகிறான்.
வாளியை இடது முழங்கையில் மாட்டிக்கொண்டு,
கோழிக்குத் தீனி இறைப்பவனைப் போல.
ஒரு படி இறங்கிய பிறகுதான்
அந்தப் படிக்குத் தூவுகிறான்.
முன்னால் தூவிவிட்டு இறங்கு, முன்னால் தூவிவிட்டு இறங்கு,
எத்தனை முறை சொல்லியிருப்பேன்.
எம்மெட்டிடம் அல்ல.
லாயிடிடம். போன பிப்ரவரி வரை.

பின்னட்டையில் போட்டிருக்கிறதே,
இழப்பின் மகத்தான சித்திரம் என்று.
அதனால் மூடி வைத்தேன்.
நான் புரட்டாதவரை
அவன் மூன்றாவது படியில் நிற்பான்.
நிற்கட்டுமே.

ஹீட்டர்கூட இருமலை நிறுத்தியது.
நால்வரும் முடித்தவர்கள்.
நால்வருக்கும் தெரியும்.

ஆரின்தான் தொண்டையைச் செருமினார்.
"கீழே வந்துவிடுகிறான்.
வந்து முட்டை பொரிக்கிறான். நான்கு முட்டை.
ஓரம் கருகாமல்."

மாய் யெங் தன் காலணியைப் பார்த்தபடி சொன்னாள்:
"இடுப்பில் மயிரிழை முறிவு. ஆறு வாரம்.
கைத்தடியைப் பிடிக்காது அவனுக்கு.
திட்டிக்கொண்டே நடக்கிறான்."

பனி வாரும் லாரி ஓட்டும் பெர்னடெட்,
அதுவரை வாய் திறக்காதவள்,
"அன்றைக்குப் பனியே இல்லை," என்றாள்.
"அந்தத் தெருவில் நான்தான் போனேன்.
காய்ந்து கிடந்தது."

எல்லோரும் வான்டாவைப் பார்த்தோம்.
நாற்பது வருடம் இலக்கணம் நடத்தியவள்.
ஆசிரியர் எழுதாத ஒரு காற்புள்ளியைக்கூட
யாரும் சேர்க்க விடாதவள்.
தன் பிரதியின் கடைசிப் பக்கங்களைக்
கட்டைவிரலால் சர்ரென்று ஓடவிட்டாள்.
"ஆமாம்," என்றாள்.
"முடிவு கொஞ்சம் அவசரம்தான்."

மறுவாரம் பரிசு
ஐந்தாவது நாவலுக்குப் போயிற்று,
நாங்கள் யாரும் கண்ணால் காணாததற்கு.
அதில் முட்டை உண்டா என்பது ஆரினின் கவலை.

தவணை முடிந்து நீட்டிக்கப் போனேன்.
முடியாது என்றான் மேசைப் பையன்,
எனக்குப் பின்னால் பதினொரு பேர் வரிசையில்.
அட்டையை உருவிக்கொண்டு
புத்தகத்தைக் கொடுத்தேன்.
பதினொரு பேரும் புரட்டுவார்கள்.
அவர்கள்மேல் தப்பில்லை.

ஏரியிலிருந்து காற்று அறைந்தது.
நூலகப் படிகளில் யாரோ உப்புத் தூவியிருந்தார்கள்.
காலடியில் நறநறவென்றது.
முன்னால் தூவிவிட்டு இறங்கினாரா,
இறங்கிவிட்டுத் தூவினாரா,
குனிந்து பார்த்தேன்.
தெரியவில்லை.